திருகோணமலையிலிருந்து உளவியல் மேற்படிப்பு: தரவரிசைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

உளவியலில் ‘மேற்படிப்பு’ என்று ஒரே ஒரு படிப்பு கிடையாது. அந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு படிப்புகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் கால் வைத்தபின் மற்றதற்கு மாறுவது இலேசில்லை. நோயாளியோடு இருந்து மதிப்பீடும் சிகிச்சையும் செய்யப் பழக்குவது சிகிச்சை உளவியல். கம்பஸில் எல்லோரும் கிளினிக்கல் என்று சொல்வது இதைத்தான். வாழ்க்கை நெருக்கடியில் இருப்பவரோடு கதைத்துத் துணை நிற்கப் பழக்குவது உளவளத்துணை. பாடசாலைக்கும் வேலைத்தலத்துக்குமான பிரயோக உளவியல் மூன்றாவது. ஆய்வும் விரிவுரையும் நாலாவது. உளமருத்துவர் இந்த நாலிலும் சேரமாட்டார். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு உளமருத்துவத்தில் எம்.டி. செய்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. உளவியல் பட்டத்திலிருந்து அந்த இடத்துக்குப் போகும் பாதை இல்லை.

ஆகவே கூகுளில் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல் தேட முன்னர் ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: எந்த நாட்டில், என்ன பெயரில், யாரோடு வேலை செய்யப் போகிறேன்? ‘மூதூரிலோ கிண்ணியாவிலோ ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் சிகிச்சை உளவியலாளர்’ என்பது ஒரு பதில். ‘பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர்’ இன்னொன்று. ‘பல்கலைக்கழக விரிவுரையாளர்’, ‘அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற உளவியலாளர்’ என்பவை வேறு இரண்டு. இந்த நாலு பேரும் ஒரே பாடநெறிக்கு விண்ணப்பித்தால் மூன்று பேராவது பிழையான இடத்துக்குத்தான் போவார்கள், அது உலகத்தில் எத்தனையாம் இடத்தில் இருந்தாலும்.

உங்கள் பட்டம் எந்த மட்டம்?

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் (எஸ்.எல்.கியூ.எஃப். என்பார்கள்) மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். முதுமாணியில்தான் ஆட்கள் தடக்குப்படுகிறார்கள். வகுப்புப் பாடங்கள் மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வுக்கட்டுரையோடு வருவது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கானது. இரண்டின் சான்றிதழிலும் ‘முதுமாணி’ என்றே இருக்கும். பின்னாளில் கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவர் 30 கிரெடிட் முதுமாணி எடுத்தால், ஆய்வு அனுபவம் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்படலாம். அதன்மேல் முதுதத்துவமாணி, எம்.ஃபில்., 11ஆம் மட்டம். கலாநிதி 12ஆம் மட்டம்.

பாடநெறிக் கையேட்டில் இந்த மட்ட இலக்கத்தைத் தேடுங்கள். காணாவிட்டால் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில்தான் பிறகு கைகொடுக்கும்.

பொதுப் பட்டத்தில் உளவியலை ஒரு பாடமாக மட்டும் படித்தவர்களுக்கு ஒரு சொல். வெளிநாடுகளில் சிகிச்சை உளவியலுக்குப் பெரும்பாலும் உளவியலே முதன்மைப் பாடமான பட்டம் கேட்பார்கள். புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையும் படித்திருக்க வேண்டும். அவை உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் இல்லையென்றால், முதுமாணிக்குக் காசு கட்ட முன்னர் அந்த இடைவெளியை நிரப்புங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கும் உளவளத்துணைக்கும் தனித்துறை இருக்கிறது, திருகோணமலையில் அதன் கற்கை நிலையமும் இருக்கிறது. நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் வியாபாரம், தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவற்றுக்குப் பேர்போனது. உளவியல் மேற்படிப்பை மனதில் வைத்து அங்கே போக முடியாது.

பெயரைக் கொடுப்பது சட்டம்

தரவரிசையைவிட இந்தப் பகுதி முக்கியம் என்று உறுதியாகச் சொல்கிறோம். பல நாடுகளில் யாரை உளவியலாளர் என்று அழைக்கலாம் என்பதை ஒரு பதிவுச் சபை தீர்மானிக்கிறது. அந்தச் சபை ஏற்காத பட்டம் எவ்வளவு புகழான இடத்திலிருந்து வந்தாலும், சிகிச்சை அறைக்குள் உங்களைக் கொண்டு போகாது.

இலங்கையில் சிகிச்சை உளவியலாளர்களைப் பதிவது இலங்கை மருத்துவச் சபை. அதற்கென்று நன்கு அறியப்பட்ட உள்நாட்டுப் பாதை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் எம்.ஃபில். அது முழுநேரப் படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சி அதன் முதுகெலும்பு. இடங்கள் கொஞ்சம். ஒவ்வொரு வருடமும் ஆள் எடுப்பார்கள் என்று நினைத்து வேலையை விட்டுவிடாதீர்கள். அறிவித்தல் வந்தபின் முடிவெடுங்கள். பயிற்சியில் சிங்களம் பேசும் நோயாளிகள் கட்டாயம் வருவார்கள். எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகமும் கலந்து வாழ்கிறது என்றாலும், கடையில் பேசும் சிங்களம் வேறு, ஒருவர் தற்கொலை எண்ணத்தைச் சொல்லும்போது அதைக் கேட்டு விளங்கும் சிங்களம் வேறு. ஒரு வருடம் முன்னரே மொழியைத் தொடங்குங்கள். உளவளத்துணையாளர் என்ற பெயருக்கு இங்கே இப்படியான சட்டப் பதிவு இல்லை. அதனாலேயே ஆறு மாதச் சான்றிதழ் விற்பவர்களும் பெருகியிருக்கிறார்கள்.

இந்தியா, குறிப்பாகத் தமிழ்நாடு, மொழியாலும் செலவாலும் நமக்குக் கிட்ட. அங்கே சிகிச்சை உளவியலாளரைப் பதிவது இந்தியப் புனர்வாழ்வு கவுன்சில், ஆர்.சி.ஐ. ‘எம்.எஸ்.சி. கிளினிக்கல் சைக்காலஜி’ என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் நிறைய. ஆர்.சி.ஐ. பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் பாடநெறியும் சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பெயரளவில் மட்டும் கிளினிக்கல். அதோடு, அங்கு எம்.ஃபில். கைவிடப்பட்டுவிட்டது. சிகிச்சை உளவியலுக்கும் உளமருத்துவச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் போன அண்ணாவின் பாதை உங்களுக்கும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சேரும் வருடத்தில் எந்தப் பட்டத்துக்குப் பதிவு கொடுக்கிறார்கள் என்பதை ஆர்.சி.ஐ. தளத்தில் நேரே பாருங்கள். இன்னொன்று: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, யு.ஜி.சி., இரண்டு நாட்டிலும் அதே பெயரில் இருக்கிறது. ‘யு.ஜி.சி. அங்கீகாரம்’ என்று விளம்பரத்தில் கண்டால் எந்த நாட்டு யு.ஜி.சி. என்று கேளுங்கள்.

பிரித்தானியாவில் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ உட்பட ஏழு துறைப் பெயர்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை, பதிவது எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான பதிவுச் சபை. ஒரு வருட முதுமாணி முடித்தால் அந்தப் பெயர் கிடைக்காது. அது கிடைப்பது மூன்று வருடக் கலாநிதிப் பயிற்சியின் முடிவில். அந்தப் பயிற்சிக்குள் நுழைய பிரித்தானிய உளவியல் சங்கத்தின் ஜி.பி.சி. என்ற அடிப்படைத் தகைமை வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை இது: சங்கத்தின் அங்கீகாரம் குறித்த பாடநெறிக்கு, குறித்த வளாகத்துக்குக் கொடுக்கப்படுவது. அதே பட்டத்தைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தினால் அங்கீகாரம் தானாகவே அதோடு வராது. கேட்க வேண்டிய கேள்வி, ‘கொழும்பில் நடக்கும் இந்த வகுப்புக்கு ஜி.பி.சி. கிடைக்குமா?’ என்பதுதான்.

அவுஸ்திரேலியாவில் பதிவுக்கு வேண்டியது நாலு வருட உளவியல் தொடர்க் கல்வி, அதன்மேல் இரண்டு வருட முதுமாணி, அல்லது ஐந்தாம் வருடப் படிப்பும் ஒரு வருட மேற்பார்வைப் பயிற்சியும். நாலு வருடப் படிப்பும் இரண்டு வருட மேற்பார்வைப் பயிற்சியும் கொண்ட பழைய ‘நாலு கூட்டல் இரண்டு’ பாதை 2022 ஜூன் 30 உடன் மூடப்பட்டது. இன்னும் அதையே சொல்லிக் காசு வாங்கும் முகவர்களிடம் மாட்டாதீர்கள்.

அமெரிக்காவில் தனியாகச் சிகிச்சை செய்யும் உளவியலாளருக்குப் பொதுவாகக் கலாநிதிப் பட்டம் வேண்டும். பிஎச்.டி., சை.டி. என இரண்டு வகை. 1949இல் கொலராடோவின் போல்டர் நகர மாநாட்டில் உருவான முறை, ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருவரைப் பழக்குவது; பிஎச்.டி. அந்த வழி வந்தது. சை.டி., 1973 வெய்ல் மாநாட்டில் வலுப்பெற்ற, சிகிச்சைத் தொழிலை முன்வைக்கும் முறை. மாணவருக்கு இதன் நடைமுறை அர்த்தம் பணத்தில் தெரியும். பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியும் மாதப் படியும் கிடைக்கும், இடங்கள் மிகக் குறைவு. சை.டி.யில் பெரும்பாலும் கட்டணம் நீங்களே கட்ட வேண்டும், ஆள் அதிகம் எடுப்பார்கள்.

சரி, தரவரிசை என்னத்தை அளக்கிறது?

அமெரிக்க ஊடகமான யு.எஸ். நியூஸ் வெளியிடும் உளவியல் பட்டியலை எடுங்கள். துறைத்தலைவர்களுக்கும் பட்டப்பின் படிப்பு இயக்குநர்களுக்கும் வினாக்கொத்து அனுப்புகிறார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொல்கிறார்கள். அதன் சராசரிதான் தரவரிசை. வேறு எதுவும் அதில் சேரவில்லை. மேற்பார்வை எத்தனை மணி, எத்தனை பேர் இடையில் விட்டார்கள், எத்தனை பேருக்குத் தொழில் உரிமம் கிடைத்தது, எவ்வளவு கடன் என்ற ஒன்றும் இல்லை. சராசரியை ஒரு தசம தானத்துக்குச் சுருக்குவதால் ஒரே இடத்தில் பல துறைகள் நிற்கும்; 0.1 புள்ளி குறைந்தாலும் பல இடம் கீழே போய்விடும். 20ஆம் இடத்துக்கும் 35ஆம் இடத்துக்கும் நடுவில் இருப்பது சில பேராசிரியர்களின் அபிப்பிராயம் மட்டுமே. பட்டியல் வருடாவருடம் புதுக்கப்படுவதும் இல்லை.

கியூ.எஸ். என்ற நிறுவனம் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகப் பாடவாரிப் பட்டியலில் கல்வியாளர் மத்தியில் பெயர், வேலை கொடுப்போர் மத்தியில் பெயர், ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவு என்பவை சேர்கின்றன. ஷங்காய் பட்டியல் ஆய்வு வெளியீட்டையே முக்கியமாக எண்ணுகிறது. இரண்டிலும் உளவியல் என்பது ஒரே மூட்டை. மூளையின் நினைவாற்றலை ஆராயும் ஆய்வுகூடம் ஒன்று உலகப் புகழ் பெற்றால் அந்தத் துறை மேலே போகும். அங்கே உளவளத்துணை முதுமாணி ஒன்று பகுதிநேர விரிவுரையாளர்களால் ஓடிக்கொண்டிருந்தாலும் அதே இலக்கம் அதன் விளம்பரத்திலும் ஏறும். இந்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2016இலிருந்து வருகிறது, பொறியியல், மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு, உளவியலுக்கு இல்லை. ஆகவே ஒரு கல்லூரி தன் என்.ஐ.ஆர்.எஃப். இலக்கத்தைக் காட்டி உளவியலுக்கு அழைத்தால், அது உளவியலைப் பற்றிய இலக்கம் இல்லை.

தரவரிசைக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. விரிவுரையாளர் பதவிக்கோ ஆய்வுக்கோ போகிறவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையாகவே கதவு திறக்கும். நல்ல நூலகம், ஆய்வு நிதி, பெயர்பெற்ற மேற்பார்வையாளர் அங்கேதான் திரள்வார்கள். எங்கள் ஆலோசனை: பாடநெறிகளை ஒப்பிட்டு நூற்றுக்குப் புள்ளி போடும்போது, கலாநிதி ஆய்வுக்குப் போகிறவர் தரவரிசைக்கு 25 வரை நிறை கொடுக்கலாம். சிகிச்சைக்கோ உளவளத்துணைக்கோ போகிறவர் 10க்கு மேல் கொடுக்க வேண்டாம். முழு இலக்கமாகப் பார்க்காமல் முதல் 50, அடுத்த 100, மற்றவை என்று மூன்று கட்டாகப் பிரித்து வைத்தால் போதும்.

கையேட்டை இப்படி வாசியுங்கள்

மீதி நிறை எங்கே போக வேண்டும்? முதலாவது மேற்பார்வை. சிகிச்சை என்பது தச்சுத்தொழில் போல, கைப்பழக்கம். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தினால்தான் வரும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு வகுப்பில் 30 பேர், இரண்டு மேற்பார்வையாளர்கள், மேற்பார்வையாளர் ஒருவர் கிழமையில் இரண்டு மணி நேரக் குழு மேற்பார்வை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 நிமிடம். ஒரு மாணவருக்கு 8 நிமிடம். இன்னொரு இடத்தில் 8 பேர்தான், தனி மேற்பார்வை கிழமைக்கு ஒரு மணி நேரம். முதல் இடம் தரவரிசையில் இருக்கலாம், இரண்டாவது எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். எட்டு நிமிடத்தில் ஒருவருடைய ஒரு நோயாளியைப் பற்றிக்கூட முழுதாகப் பேச முடியாது. கையேட்டில் ‘களப்பயிற்சி ஏற்பாடு செய்யப்படும்’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்பத்திரியின் பெயர், மாதங்கள், மணித்தியாலங்கள், மேற்பார்வையாளரின் தகைமை ஆகிய நாலும் இருந்தால்தான் அது ஏற்பாடு.

அமெரிக்கப் பாடநெறிகளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகரித்த ஒவ்வொரு கலாநிதிப் பாடநெறியும் மாணவர் அனுமதி, விளைவு பற்றிய தரவு அட்டவணையைத் தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். முடிக்க எடுக்கும் சராசரி வருடம், செலவு, ஒரு வருட இன்டர்ன்ஷிப் கிடைத்தவர் வீதம், இடையில் விலகியவர், உரிமம் பெற்றவர் எல்லாம் அதில் இருக்கும். உதாரணத்துக்கு ஒரு வருடத்தில் 10 பேர் சேர்ந்து 3 பேர் விலகியிருந்தால், விலகியவர்கள் பலவீனமானவர்கள் என்று எண்ணாமல் அடுத்த வருடங்களின் நிரலையும் பாருங்கள். மூன்று நாலு வருடம் தொடர்ந்து அப்படியென்றால் கோளாறு பாடநெறியில்தான். இந்த ஓர் அட்டவணையைத் தரவரிசைப் பட்டியல் பத்துக்கு மேலாக மதிக்கிறோம். மற்ற நாட்டுப் பாடநெறிகளிடமும் இதே கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் தர மறுப்பதும் ஒரு பதில்.

அடுத்து, அங்கே இப்போது படிப்பவர் ஒருவரைப் பிடியுங்கள். துறைத்தலைவரிடம் கேட்கும் மாதிரிச் சுற்றிவளைக்கத் தேவையில்லை: “அக்கா, கிளினிக்கல் போஸ்டிங் எத்தனை மாசம்? கிழமைக்கு எத்தனை பேரைப் பார்க்க விடுவாங்க? உங்கட செஷன ஆராவது நேர இருந்து பார்த்தாங்களா, இல்லாட்டி எழுதிக் குடுத்ததை மட்டும் வாசிச்சாங்களா?” கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மிச்சத்தையெல்லாம் சொல்லிவிடும்.

மொழியையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் பயின்ற சிகிச்சையைத் தமிழில் செய்வது மொழிபெயர்ப்பு வேலை மட்டும் கிடையாது. ‘மனசு பாரமா இருக்கு’, ‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது’ என்று ஒருவர் சொல்லும்போது அது மனச்சோர்வா, பதகளிப்பா, இழவுத் துயரா என்று பிரித்தறியத் தமிழ்பேசும் நோயாளிகளோடு பழகியிருக்க வேண்டும். போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. இங்கே வந்து வேலை செய்யப் போகிறவர், தமிழில் சில மாதமாவது மேற்பார்வை கிடைக்குமா என்பதைப் பெரிய நிறையாக வைக்க வேண்டும்.

காசும் பயணமும்

கொழும்பில் வார இறுதி வகுப்பு என்றால் இங்கிருந்து போக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ்ஸோ மெயில் ரயிலோ ஏறி ஞாயிறு இரவு திரும்பினால், ஒரு வழிக்கு ஏழு மணி நேரம் என்று பார்த்தாலும் மாதத்தில் எட்டுப் பயணம், 56 மணித்தியாலம். கட்டணத்துக்குப் பக்கத்தில் இந்தப் பஸ் காசையும் தங்குமிடத்தையும் எழுதுங்கள். பேராதனை கண்டிப் பக்கம் என்பதால் கொஞ்சம் கிட்ட.

புலமைப்பரிசில்களில் இந்திய அரசின் மௌலானா ஆசாத் திட்டம் இலங்கையரின் முதுமாணிக்கு உண்டு. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனியுங்கள். செவனிங் பிரித்தானிய முதுமாணிக்கு. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், முடித்தபின் இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் அமெரிக்காவுக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்கும் காசு கட்ட முன்னர் எங்கள் யு.ஜி.சி. அதை ஏற்குமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். அரச வேலைக்கு அது தேவைப்படும்.

கடதாசி வேலை

அமெரிக்கப் பிஎச்.டி. விண்ணப்ப முடிவு நாட்கள் பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். ஆகவே சேரும் வருடத்துக்கு முதல் வருடம் சித்திரையில் தொடங்குங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும் சேருக்கோ மிஸ்ஸுக்கோ குறைந்தது எட்டுக் கிழமை கொடுங்கள்.

பெயர்தான் பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் அது முழுதாக என்று இருக்கும். வெளிநாட்டு அலுவலகத்தில் இவர்கள் நாலு பேர். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, எல்லா எழுத்துக்கூட்டலையும் அதில் பட்டியலிட்டு, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு பிரதி வையுங்கள்.

பட்டம் வாங்கும்போதே ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும், மணித்தியாலத்தோடு, ஆங்கிலத்தில், பதிவாளரின் கையொப்பம் முத்திரையோடு எடுத்து வையுங்கள். தகைமை ஒப்பீடு செய்யும் சபைகள் பெறுபேற்றுப் பத்திரத்தோடு நிற்காமல் இதையும் கேட்கும். பத்து வருடம் கழித்துப் பழைய பாடத்திட்டம் தேடித் துறை துறையாக அலைவது கொடுமை.

அனுபவத்துக்கு மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை, பாடசாலை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி, பொறுப்பாளர் கையொப்பம் எழுதி வாருங்கள். நோயாளிகளின் பெயரோ ஊரோ அதில் வரவே கூடாது. விண்ணப்பத்தில் அப்படி ஒரு விபரம் தெரிந்தால் வாசிக்கும் பேராசிரியர் அத்தோடு மூடிவிடுவார்.

இரண்டு இடம் கிடைத்தால்

கொப்பியின் முதல் வரிக்குத் திரும்புங்கள். பதிவு கிடைக்காத பாடநெறியைப் புள்ளி போட முன்னரே வெட்டிவிடுங்கள். மிஞ்சியவற்றில் மேற்பார்வை, செலவு, மொழி, முடிப்போர் வீதம், தரவரிசை ஆகியவற்றுக்கு உங்கள் நிறையைக் கொடுத்து நூற்றுக்குக் கூட்டுங்கள். இரண்டுக்கும் ஐந்து புள்ளிக்குள் வித்தியாசம் வந்தால் கடன் குறைந்ததை எடுங்கள். அமெரிக்காவில் நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுக்கும். அதற்கு முன் அவசரப்படுத்தினால் அந்த ஒழுங்கை மரியாதையாக நினைவூட்டலாம். எடுக்கப் போவதில்லை என்று முடிவான இடத்துக்கு அன்றைக்கே எழுதி அறிவியுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் போன பிறகுதான் அழைப்பு வரும்.